பழைய நகையின் தரம் அறியும் கருவிகள்

(பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் மாதர் சங்கத்தினரும் கூடிய பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



நம் கிராமங்களில் நகை என்பது அணிகலன் மட்டுமன்று. குடும்பத்தின் சேமிப்பும் அதுவே. கிணற்றை ஆழப்படுத்த வேண்டுமா, நாற்று முடிந்து உரம் வாங்க வேண்டுமா, திடீரென்று ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமா, உடனே கை போவது கழுத்துச் சங்கிலிக்குத்தான். ஆனால் அச்சங்கிலியை ஒரு துணியில் முடிந்துகொண்டு பட்டணத்துக் கடைக்குப் போகும் விவசாயி, அங்கே பேச்சற்றவராக நிற்கிறார். கடைக்காரர் கல்லில் உரைத்துப் பார்த்து ஒரு தொகையைச் சொல்கிறார். அது நியாயமா, அநியாயமா என்று கேட்க இவரிடம் சொல்லும் இல்லை, கருவியும் இல்லை. தம் நெல்லின் ஈரப்பதத்தையும் பாலின் கொழுப்பையும் பற்றி வாதாடக் கற்றுக்கொண்ட நம் மக்கள், பொன்னைப் பற்றி மட்டும் இன்னும் வாய் திறப்பதில்லை.

இன்னொரு பக்கம், கிராமத்து இளைஞர் சிலரும் மாதர் சங்கங்களைச் சேர்ந்த சிலரும், பழைய நகைகளை நியாய விலைக்கு வாங்கி மறுவிற்பனை செய்யும் தொழிலை ஊரிலேயே தொடங்கலாமா என்று கேட்கிறார்கள். அதற்கு என்ன கருவிகள் வேண்டும், அவற்றில் எதை நம்பலாம், எதை நம்பலாகாது என்பதை இன்று எடுத்துச் சொல்ல முற்படுகிறோம். வாங்குவோருக்குப் பயன்படும் அறிவு விற்போருக்கும் பயன்படும். ஆகையால் தொழில் செய்ய எண்ணாதவர்களும் கேட்கலாம்.

முதற் கருவி தராசு. இதைச் சொல்ல வேண்டுமா என்று சிலர் எண்ணலாம். ஆயினும் பழைய நகை வியாபாரத்தில் நேரும் நஷ்டங்களில் பெரும்பகுதி மாற்றுக் குறைவினால் வருவதன்று, எடைப் பிழையினால் வருவதே என்பது நம் கருத்து. மில்லிகிராம் வரை காட்டும் மின்னணுத் தராசு இன்று எளிதாகக் கிடைக்கிறது. அதில் தொழிலாளர் துறையைச் சேர்ந்த முத்திரை ஆய்வாளரின் முத்திரை இருக்க வேண்டும்; அம்முத்திரை ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். தராசைச் சமமான மேசையின் மீது, மின்விசிறிக் காற்றுப் படாத இடத்தில் வைத்து, முதலில் சுழியைக் காட்டுகிறதா என்று பார்த்துப் பிறகே நகையை இட வேண்டும். நம் ஊரில் ஒரு பவுன் என்பது 8 கிராம். இங்கிலாந்து அரசின் தங்க நாணயமாகிய சவரனின் எடை 7.988 கிராம், அதிலிருந்து வந்த வழக்கே இது.

பொன்னை நிறுப்பதில் நம் முன்னோர் காட்டிய கண்டிப்புக்குத் தஞ்சைப் பெரிய கோயிற் சுவர்களே சாட்சி. இராஜராஜ சோழன் காலத்துக் கல்வெட்டுக்களில் பொன் 'ஆடவல்லான்' என்னும் பெயருடைய எடைக்கல்லால் நிறுக்கப்பட்டு, கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று கணக்கெழுதப்பட்டிருக்கிறது. 2 குன்றி ஒரு மஞ்சாடி. 20 மஞ்சாடி ஒரு கழஞ்சு. எந்தக் கல்லால் நிறுத்தோம் என்பதையும் சேர்த்து எழுதிவைத்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது. எடையைக் காகிதத்தில் எழுதித் தராமல் வாயால் சொல்லும் கடைகள் இன்றும் உண்டு என்பதை எண்ணும்போது, ஆயிரம் ஆண்டுக்கு முந்திய அந்தக் கணக்கர்களிடம் மதிப்பு உயர்கிறது.

எடையில் அடுத்து வருவது கழிவு. பழைய அட்டிகை ஒன்றை எடுத்துக்கொள்வோம். தராசில் அது 32 கிராம் காட்டுகிறது. அதிலுள்ள கெம்புக் கற்களும், கற்களுக்குப் பின்னால் நிரப்பிய அரக்கும் சேர்ந்து 9 கிராம் என்று வைத்துக்கொண்டால், பொன் 23 கிராம்தான். அந்தப் பொன் 22 காரட்டாக இருந்தால் அதில் அடங்கிய சுத்தத் தங்கம் ஏறத்தாழ 21.1 கிராம், 20 காரட்டாக இருந்தால் 19.2 கிராம். மாற்றில் ஏமாந்தால் இழப்பது 2 கிராமுக்குச் சற்றுக் குறைவு. அரக்கையும் கல்லையும் மறந்தால் இழப்பது 9 கிராம்! தென் மாவட்டங்களில் பாட்டிமார் காதில் ஆடிய பாம்படம் கண்ணுக்குப் பெரிதாகத் தோன்றினும், உள்ளே அரக்கு நிரப்பியது. தோட்டின் சுரை, திருகு, சங்கிலியின் கொக்கிக்குள் இருக்கும் எஃகு வில் ஆகியவற்றையும் மறக்கலாகாது. இந்தக் கழிவை வாங்குபவர் ஒருவரே மனக்கணக்காகச் சொல்வது முறையன்று. கல்லையும் அரக்கையும் விற்பவர் கண்முன் பிரித்தெடுத்து, அவற்றைத் தனியே நிறுத்துக் காட்டுவதே நேர்மை. நகைக் கடன் கொடுக்கும் நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி 2025-இல் வெளியிட்ட நெறிமுறைகளிலும், நகையை மதிப்பிடும்போது கடன் பெறுவோர் உடனிருக்க வேண்டும், கல் முதலியவற்றிற்குச் செய்த கழிவை விளக்கிச் சொல்ல வேண்டும் என்று விதிக்கப்பட்டிருக்கிறது. கடனுக்கு ஆகும் நியாயம் விற்பனைக்கும் ஆகும் அன்றோ?

இரண்டாவது கருவி உருப்பெருக்கிக் கண்ணாடி. பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் சிறிய கண்ணாடி ஒன்று போதும். முதலில் இதைக் கொண்டு முத்திரையைத் தேட வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைவனம் தங்க நகைக்கு முத்திரையிடத் தொடங்கியது 2000-ஆம் ஆண்டில். 2021 ஜூன் 16 முதல் 256 மாவட்டங்களில் இம்முத்திரை கட்டாயமாக்கப்பட்டு, பின்னர் படிப்படியாக மற்ற மாவட்டங்களுக்கும் விரிந்தது. இப்போதைய முத்திரையில் மூன்று குறிகள் உண்டு: அமைவனத்தின் முக்கோணச் சின்னம், தரத்தைக் காட்டும் எண், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறி. 22 காரட்டுக்கு 916, 20 காரட்டுக்கு 833, 18 காரட்டுக்கு 750, 14 காரட்டுக்கு 585 என்று பொறிக்கப்படும். ஆயிரம் பங்கில் இத்தனை பங்கு சுத்தத் தங்கம் என்பது பொருள். 2021-க்கு முந்திய நகையானால் ஆறு இலக்கக் குறி இராது. பரிசோதனை நிலையத்தின் குறியும் நகைக்கடையின் குறியும் இருக்கும். அதனால் மட்டும் அது போலியாகிவிடாது.

முத்திரையைப் பார்த்தவுடன் திருப்தி அடைந்துவிடலாகாது. பொய் முத்திரை குத்துவதும் எளிதே. கைப்பேசியில் அமைவனத்தின் 'பி.ஐ.எஸ். கேர்' என்னும் செயலியைத் திறந்து அந்த ஆறு இலக்கக் குறியை இட்டால், நகையின் வகை, தரம், முத்திரையிட்ட நிலையம் ஆகியவை தெரியும். கையில் இருப்பது வளையல். செயலி சொல்வது மோதிரம் என்றால் மேலே யோசிக்க வேண்டியதில்லை. 'கே.டி.எம்.' என்று பொறித்திருப்பதைப் பலர் உயர்ந்த முத்திரை என்று நம்பியிருக்கிறார்கள். அது காட்மியம் கலந்த பற்றாசு கொண்டு ஊதிய நகை என்பதைக் குறிக்கும் வியாபாரச் சொல்லே தவிர அரசின் முத்திரை அன்று. காட்மியப் புகை பத்தரின் நுரையீரலைக் கெடுப்பது என்பது வேறு விஷயம்.

ஆனால் கிராமத்திலிருந்து விற்பனைக்கு வரும் நகைகளில் பெரும்பாலானவை எந்த முத்திரையும் அற்றவை. உள்ளூர்ப் பத்தரிடம் செய்தவை. 1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாடு வந்தபோது 14 காரட்டுக்கு மேற்பட்ட நகை செய்வது தடுக்கப்பட்டது. ஏராளமான பொற்கொல்லர் குடும்பங்கள் பிழைப்பிழந்தன. பின்னர் அந்த 14 காரட் விதி தளர்ந்தது. 1968-இல் சட்டமாகவே வந்த கட்டுப்பாடு 1990-இல் நீக்கப்பட்டது. ஆகவே, 'பாட்டி காலத்து நகை, பத்தரை மாற்றாகத்தான் இருக்கும்' என்ற நம்பிக்கையை விட்டுவிட வேண்டும். முத்திரையில்லாத நகையை நாமே சோதித்தறிய வேண்டும். கண்ணாடியால் பார்க்கும்போது, ஓரங்களிலும் கண்ணிகள் ஒன்றோடொன்று உராயும் இடங்களிலும் மேற்பூச்சுத் தேய்ந்து செம்பு தெரிகிறதா என்று கவனித்தால், கவரிங் நகையைப் பெரும்பாலும் அங்கேயே கண்டுகொள்ளலாம்.

காந்தமும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது சொல்வது பாதி விஷயமே. இரும்போ நிக்கலோ மிகுதியாக இருந்தால் இழுக்கும். செம்பும் பித்தளையும் ஈயமும் தங்கத்தைப் போலவே காந்தத்துக்கு அசையா. இழுத்தால் சந்தேகப்படலாம், இழுக்காததால் வாங்கிவிடலாகாது.

இனி உரைகல்லுக்கு வருவோம். கறுத்த, நுண்மையான, வழவழப்பான கல் அது. அமிலத்தில் கரையாதது. இதனோடு மாற்று ஆணிகள் ஒரு தொகுதி வேண்டும். ஒவ்வோர் ஆணியின் நுனியிலும் இன்ன தரமென்று அறியப்பட்ட தங்கம் பற்றவைக்கப்பட்டிருக்கும். நகையைக் கல்லில் ஒரு கோடாக உரைத்து, அதன் பக்கத்திலேயே 22 காரட் ஆணியையும் 20 காரட் ஆணியையும் அதே அழுத்தத்தில் உரைத்து, நிறத்தை ஒப்பிட வேண்டும். நல்ல பகல் வெளிச்சத்தில் பார்ப்பதே சிறந்தது; மஞ்சள் விளக்கொளியில் எல்லாமே தங்கமாகத் தோன்றும். உரைப்பதற்குமுன் நகையின் பின்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத இடத்தை மெல்லிய அரத்தால் ஒரு முறை இழுத்துக்கொண்டால் மேற்பூச்சு நீங்கி உள்ளிருப்பது கல்லில் படும். விற்பவரின் சம்மதம் பெற்றே இதைச் செய்ய வேண்டும். பற்றாசு வைத்த இடத்தில் உரைத்தால் மாற்று குறைவாகத் தெரியும்; இரண்டு மூன்று இடங்களில் உரைத்துப் பார்ப்பது அதனால்தான். சில வியாபாரிகள் வேண்டுமென்றே பற்று இருக்கும் இடத்தில் மட்டும் உரைத்துக் காட்டுவதுண்டு. நகை விற்கப் போகும் சகோதரிகள், 'இந்தக் கண்ணியில் உரைத்துப் பாருங்கள்' என்று இடத்தைக் காட்டிக் கேட்கப் பழக வேண்டும்.

நிறம் ஒத்திருந்தால் மட்டும் போதாது. செம்பையும் வெள்ளியையும் தக்க அளவில் கலந்தால் குறைந்த மாற்றும் நல்ல நிறம் காட்டும். ஆகவே கோடுகளின் குறுக்கே அமிலத்தைத் தடவுவார்கள். நைட்ரிக் அமிலம் செம்பையும் வெள்ளியையும் கரைக்கும், தங்கத்தைக் கரைக்காது. பித்தளைக் கோடு பச்சையாகப் பொங்கி மறைந்துவிடும். உயர்ந்த மாற்றைப் பிரித்தறிய வேண்டுமானால் அதனோடு சிறிது ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்த கலவை வேண்டும். நகையின் கோடு முதலில் மங்குகிறதா, ஆணியின் கோடு முதலில் மங்குகிறதா என்று பார்த்தால் விடை கிடைக்கும். கைதேர்ந்தவர் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு வேறுபாட்டையும் கண்டுவிடுவார். ஆனால் அந்தக் கை ஓராண்டில் வருவதன்று. கல்லில் ஒட்டிய துகளையும் வீணாக்காமல் மெழுகு உருண்டையில் ஒற்றி எடுக்கும் பழைய பத்தர் ஒருவர் உங்கள் ஊரில் இன்னும் இருப்பாரானால், அவரிடம் போய்ப் பழகுங்கள். அவரும் போய்விட்டால் அந்த வித்தையை எந்தப் புத்தகமும் தாராது.

அமிலங்களை வீட்டில் வைப்பது பற்றி ஒரு கண்டிப்பான வார்த்தை சொல்ல வேண்டும். இவை கண்ணையும் தோலையும் எரிப்பவை. குழந்தைகள் உலவும் வீட்டில் தண்ணீர்ப் பாட்டிலில் ஊற்றி வைப்பது பெருந்தீங்கு. நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலங்கள் சேர்ந்த கலவை இராஜ திராவகம் எனப்படும். அது தங்கத்தையே கரைக்கும். 'நகைக்கு மெருகேற்றித் தருகிறோம்' என்று மதிய வேளையில் வீடு தேடி வருபவர்கள், நகையை இத்திரவத்தில் முக்கி எடுத்து மின்னுவதாகக் காட்டிவிட்டுக் கிராம் கணக்கில் பொன்னைக் கரைத்துக்கொண்டு போகும் மோசடி பல ஊர்களில் நடந்திருக்கிறது. நகை பளபளக்கும், எடை குறைந்திருக்கும். இப்படி வருவோரைப் பற்றிப் பஞ்சாயத்தில் தண்டோரா போட்டே எச்சரிக்கலாம்.

அமிலமும் வேண்டாம், அரமும் வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு முறை உண்டு. செலவு ஒரு குவளைத் தண்ணீரும் ஒரு நூலும்தான். கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடீஸ் அரசனின் பொன் முடியைச் சோதித்ததாகச் சொல்லப்படும் கதை உங்கள் பிள்ளைகளின் பாடப் புத்தகத்தில் இருக்கும். அந்தத் தத்துவந்தான் இது. முதலில் நகையை நிறுத்து எடையை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு தராசின் மீது தண்ணீர்க் குவளையை வைத்துச் சுழியாக்குங்கள். நகையை மெல்லிய நூலில் கட்டி, தண்ணீரில் முழுவதும் முழுகும்படியும், அடியிலோ பக்கத்திலோ தொடாதபடியும் கையால் பிடித்துத் தொங்கவிடுங்கள். தராசு இப்போது காட்டும் எண், நகை ஒதுக்கிய தண்ணீரின் எடை. நகையின் எடையை அந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். 24 கிராம் வளையலைத் தொங்கவிட்டபோது 1.34 கிராம் காட்டினால், அடர்த்தி 17.9. சுத்தத் தங்கத்துக்கு 19.3, கலப்புக்குத் தக்கபடி 22 காரட்டுக்கு 17.6 முதல் 18 வரை, 18 காரட்டுக்கு 15 முதல் 16 வரை, வெள்ளிக்கு 10.5, செம்புக்கு 9-க்குச் சற்றுக் குறைவு, பித்தளைக்கு அதனினும் குறைவு. ஆகவே நம் வளையல் 22 காரட்டுக்குப் பொருந்துகிறது.

இம்முறைக்கும் எல்லை உண்டு. கல் பதித்தது, அரக்கு நிரப்பியது, உள்ளே காற்றடைத்த குழல்வளை ஆகியவற்றிற்கு இது பயன்படாது. நகையில் ஒட்டும் காற்றுக் குமிழிகள் கணக்கைக் கெடுக்கும். தண்ணீரில் ஒரு துளி சோப்பு நீர் விட்டால் குமிழி கழன்றுவிடும். சிறிய நகைக்கும் ஒத்துவராது. 2 கிராம் மோதிரத்துக்குத் தராசு 0.11 காட்டினால் அடர்த்தி 18.2, 0.12 காட்டினால் 16.7. ஒரு சிறு எண் மாறினால் மாற்றே மாறிவிடுகிறது! 10 கிராமுக்கு மேற்பட்ட கெட்டி நகைகளுக்கே இதைக் கையாள வேண்டும். தங்கத்தோடு ஏறக்குறைய ஒத்த அடர்த்தி டங்ஸ்டன் என்னும் உலோகத்துக்கு உண்டு, 19.25. தங்கக்கட்டியினுள் அதை வைத்து ஏமாற்றுவோரைத் தண்ணீர் காட்டிக்கொடுக்காது. ஆனால் அது எளிதில் வளையாத உலோகமாதலால் சங்கிலி, வளையல் ஆகியவற்றில் அந்தப் பயம் குறைவு.

பட்டணத்துக் கடைகளில் உள்ள காரட் மீட்டர் எக்ஸ் கதிரைக் கொண்டு வேலை செய்வது. நகையைச் சேதப்படுத்தாமல் சில நிமிடங்களில் தங்கம் இவ்வளவு, வெள்ளி இவ்வளவு, செம்பு இவ்வளவு என்று பிரித்துக் காட்டும். விலை உயர்ந்த கருவி. கிராமத்தில் தொழில் தொடங்குவோர் அதை வாங்கக் கடன்பட வேண்டியதில்லை என்பதே நம் அபிப்பிராயம். மேலும் அது பார்ப்பது மேற்பரப்பை மட்டும். தலைமுடியின் பருமனளவு ஆழங்கூட உள்ளே செல்லாது. கனமான தங்கப் பூச்சுள்ள பொருளை அது தங்கம் என்றே சொல்லக்கூடும்.

முடிவான தீர்ப்புச் சொல்வது நெருப்புத்தான். நகையிலிருந்து சிறு துணுக்கை எடுத்து, ஈயத் தகட்டில் சுற்றி, உறிஞ்சும் தன்மையுள்ள மூசையில் வைத்து ஆயிரம் பாகைக்கு மேற்பட்ட சூட்டில் காய்ச்சுவார்கள். ஈயமும் செம்பும் மூசைக்குள் இறங்கிவிடும். எஞ்சியதிலிருந்து வெள்ளியை நைட்ரிக் அமிலத்தால் பிரித்தால் நிற்பது சுத்தத் தங்கம். அமைவனத்தின் அங்கீகாரம் பெற்ற பரிசோதனை நிலையங்களில் பொது மக்களும் தம் பழைய நகையைக் கொடுத்துச் சோதித்துச் சான்று பெறலாம். நான்கு நகைகள் வரை 200 ரூபாய், ஐந்தும் அதற்கு மேலும் ஆனால் நகை ஒன்றுக்கு 45 ரூபாய் என்று 2023-இல் அரசு அறிவித்தது. ஒரு பவுன் விலையோடு ஒப்பிட்டால் இது பெரிய செலவன்று. பெரிய நகை விற்க நினைப்போர் முதலில் இங்கே போய்ச் சான்று பெற்றுப் பிறகு கடைக்குப் போவது உத்தமம். முத்திரையிட்டு விற்ற நகை சொன்ன தரத்திற்குக் குறைவாக இருந்தால், குறைந்த தங்கத்தின் மதிப்பைப் போல் இரு மடங்கும் சோதனைக் கட்டணமும் வாங்கியவருக்குக் கொடுக்க வேண்டும் என்று 2018-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன.

கற்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறோம். வைரத்தோட்டைச் சோதிக்கும் பேனா போன்ற கருவி, வைரம் வெப்பத்தை விரைவில் கடத்தும் இயல்பைக் கொண்டு வேலை செய்வது. அமெரிக்கன் வைரம் என்று விற்கும் சிர்கோனியாவையும் கண்ணாடியையும் அது கண்டுபிடித்துவிடும். ஆனால் மாய்சனைட் என்னும் செயற்கைக் கல்லை வைரம் என்றே சொல்லும். அதற்கு மின்சாரத்தையும் சோதிக்கும் இரட்டைக் கருவி வேண்டும். ஆய்வுக்கூடத்தில் விளைந்த வைரமும் வைரமே ஆதலால், அதைப் பிரித்தறிவது கைக்கருவிகளால் ஆகாது. சிவப்புக் கல்லில் வேறொரு மயக்கம் உண்டு. செயற்கை மாணிக்கம் செய்யும் முறையை வெர்னுய் என்ற பிரெஞ்சுக்காரர் 1902-இல் வெளியிட்டார். எனவே பாட்டி தோட்டிலுள்ள கல் பழையது என்பதால் மண்ணில் விளைந்தது என்று ஆகாது. கண்ணாடியில் பார்க்கும்போது வளைந்த கோடுகளும் உருண்டைக் குமிழிகளும் தெரிந்தால் அது தொழிற்சாலைக் கல். கல்லுக்கு விலை கொடுக்கவும் கேட்கவும் பழக்கமில்லாதவர்கள், கல்லைக் கழற்றி உரியவரிடமே திருப்பித் தந்துவிடுவது நலம்.

வெள்ளியில் கொலுசும் அரைஞாண் கொடியுமே மிகுதியாக வரும். ஜெர்மன் சில்வர் என்பதில் வெள்ளியே கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்தது. இதைத் தண்ணீர்ச் சோதனை உடனே காட்டிக்கொடுக்கும். பழைய பட்டுப் புடவைச் சரிகையும் வெள்ளியிழைமேல் தங்கம் பூசியதே. தெருவில் வந்து கேட்பவருக்கு எவர்சில்வர்ப் பாத்திரத்துக்கு மாற்றாக அதைக் கொடுத்துவிடும் வழக்கத்தைத் தாய்மார்கள் நிறுத்த வேண்டும்.

எல்லாவற்றையும் உருக்கியே பார்ப்பதும் தவறு. நாகர்கோவில் வடசேரியில் செய்யப்படும் கோயில் நகைகளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அப்படிப்பட்ட வேலைப்பாடுள்ள பழைய நகை, பாம்படம், தண்டட்டி முதலியவற்றை விரும்பி வாங்குவோர் உண்டு. பொன்னின் எடைக்கு மேல் விலை தருவோரும் உண்டு. மறுவிற்பனைக்காரரின் உண்மையான இலாபம் இங்கேதான் இருக்கிறது. ஆனால் நூறாண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருள்கள் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டத்தில் அடங்கும். அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவது குற்றம்.

இத்தொழிலில் எந்தக் கருவியாலும் அறிய முடியாத விஷயம் ஒன்று உண்டு. நகை யாருடையது என்பது. திருட்டு நகையை அறிந்தோ, அவ்வாறு நம்பக் காரணம் இருந்தும் வாங்கினாலோ, பாரதிய நியாய சன்ஹிதையின் 317-ஆம் பிரிவின்படி வாங்கியவரும் குற்றவாளி. ஆகவே விற்பவரின் பெயர், முகவரி, அடையாள அட்டையின் நகல், நகையின் விவரம், மொத்த எடை, கழிவு, நிகர எடை, எந்த முறையில் சோதித்தது, கொடுத்த தொகை ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதிக் கையொப்பம் பெற வேண்டும். பணத்தை வங்கிக் கணக்கின் மூலம் கொடுப்பது இரு தரப்பாருக்கும் பாதுகாப்பு. அறியாத ஊரார் அகாலத்தில் வந்து அவசரமாக விற்க முயன்றால், கல்லை எடுக்க வேண்டாம். காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் அறிய வேண்டியது இன்னும் ஒன்று. ஏர் உழும்போதோ, குளம் தூர் வாரும்போதோ, அஸ்திவாரம் தோண்டும்போதோ காசோ நகையோ வெளிப்படுவதுண்டு. 1878-ஆம் ஆண்டுப் புதையற் சட்டத்தின்படி, மண்ணில் புதைந்து கிடந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புடையதானால், கண்டெடுத்தவர் கலெக்டருக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். அதை மறைத்து உருக்கி விற்றவர் தமக்குக் கிடைக்கக்கூடிய பங்கையும் இழந்து தண்டனைக்கும் ஆளாவார். அறிவிப்பு எழுதத் தெரியாதவருக்குப் பஞ்சாயத்து அலுவலகத்திலேயே எழுதிக் கொடுத்து, பொருள் கிடைத்த இடம், நாள், பொருளின் தன்மையும் தோராய மதிப்பும் குறித்து, தாசில்தார் மூலம் அனுப்பி ரசீது பெற்றுத் தர வேண்டுகிறோம்.